காய்ந்த கைலி

பிள்ளைகளே, எந்த மருந்தை எவ்வளவு, எந்த வழியில் போட வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். அதைச் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். முப்பத்தோரு வருஷம் அவசரப் பிரிவில் நின்றவள் என்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு மத்தியானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு நான் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தேன். டாக்டர் சொன்னபடி, முறை பிசகாமல், சுத்தமான ஊசியால்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ரோட்டை ஒட்டி இருந்த நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி அது. சுற்றிலும் வயல், தோப்பு, மில். தேவதானத்தில் இருந்தும் வருவார்கள், மகாராஜபுரத்தில் இருந்தும் வருவார்கள். வருகிற விஷக் கேஸில் பாதிக்கு மேல் பூச்சிமருந்துதான். "மருந்து குடிச்சிட்டாக சிஸ்டர்" என்ற குரல் வாசலில் கேட்டதுமே என் கை தானாக அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் டப்பாவுக்குப் போகும். அந்த மருந்து எத்தனை பேரை என் கண் முன்னால் எழுப்பி உட்கார வைத்திருக்கிறது தெரியுமா? வாயில் நுரை தள்ளி, நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, இனி இல்லை என்று நினைத்தவர்கள் நாலாம் நாள் நடந்து வீட்டுக்குப் போவார்கள். அதனால் எனக்கு அந்த ஆம்பூல் மேல், அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பி மேல், ஒரு பக்தியே இருந்தது.

அது ஒரு சித்திரை மாதம். மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். ரோட்டில் ஒரு வேன் கவிழ்ந்து ஏழு பேர் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள். இருந்தது ஒரே டூட்டி டாக்டர், சின்ன வயசு. ஒரு பெண்ணின் நெற்றியில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. இருபத்தேழு வயசு மதிக்கத்தக்க ஒருவர், தன்னைவிடப் பெரிய ஆள் ஒருவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுவந்தார்.

சுமந்து வந்தவர் பெயர் சேவியர். சுமக்கப்பட்டவர் அவருடைய அக்கா வீட்டுக்காரர், அந்தோணிராஜ். சோழபுரத்துக்காரர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஸ்பின்னிங் ஓட்டுகிறவர். பேச்சு இல்லை. முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது.

"என்னாச்சு?" என்றேன்.

"மருந்து குடிச்சிட்டாக சிஸ்டர். வீட்டுல கொஞ்சம் சண்ட."

"என்ன மருந்து?"

"தெரியல. வயலுக்கு அடிக்கிறது."

நான் திரை மறைவில் இருந்த டாக்டரிடம் சத்தமாகச் சொன்னேன். அவரும் ஊசியை விடாமலே சத்தமாகச் சொன்னார். "அட்ரோபின் ரெண்டு ஆம்பூல் போடுங்க சிஸ்டர். அஞ்சு நிமிஷத்துல டபுள் பண்ணுங்க. நான் இதோ வாரேன்."

பூச்சிமருந்துக்கு அதுதான் முறை. ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும், நெஞ்சு காயும் வரைக்கும். நான் நரம்பு பார்த்து ரெண்டு ஆம்பூலைப் போட்டேன். நாலை எடுத்து ஊசியில் நிரப்பிக்கொண்டிருந்தேன். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேனா? இல்லை. கண்ணை விரித்துப் பார்த்தேனா? இல்லை. ஏழு பேரின் ரத்தமும் அழுகையும் பக்கத்தில் இருந்தது என்று இப்போது காரணம் சொல்லலாம். உண்மை என்னவென்றால், "மருந்து குடிச்சிட்டாக" என்ற ஒரு வார்த்தையை நான் நம்பினேன். அதற்குப் பிறகு ஆளை நான் பார்க்கவே இல்லை.

பார்த்தது எங்கள் ஆயாம்மா. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. படுக்கையில் கிடப்பவர்களின் துணியை மாற்றுவது, கழுவுவது, அலசுவது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அந்தோணிராஜின் கைலியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சிஸ்டர், செத்த நில்லுங்க. இவரு மருந்து குடிச்சவரு இல்ல."

"என்னக்கா சொல்றிய?"

"கைலியப் பாருங்க. காஞ்சு கெடக்கு. மருந்து குடிச்சவரு கைலி இப்பிடியா இருக்கும்? ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் போயி ஊறிப்போயில்ல வரும்? வாயில எச்சி இல்ல, ஒடம்புல வேர்வ இல்ல, மருந்து வாடையும் இல்ல. எத்தன பேர அலசியிருக்கேன் நானு."

பூச்சிமருந்து உடம்பைப் பிழிந்துவிடும். கண்ணீர், எச்சில், வேர்வை, மூத்திரம் எல்லாம் ஒழுகும். நாம் அதைப் புத்தகத்தில் படிக்கிறோம். அவர் அதை வாளியில் படித்திருக்கிறார். நான் குனிந்து அந்தோணிராஜின் இமையைத் தூக்கினேன். நடுவில் இருக்கிற கண்மணி கருவிழி முழுக்க விரிந்து கறுப்பாகக் கிடந்தது. பூச்சிமருந்தாக இருந்தால் அது ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும்.

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் கையுறையோடு வந்து பார்த்தார். கெட்டிக்காரர்தான். ஒரு கணம்கூட யோசிக்காமல் கேட்டார்.

"நீங்க ரெண்டு ஆம்பூல் போட்டாச்சா?"

"போட்டாச்சு டாக்டர்."

"அட்ரோபின் போட்டா கண்ணு விரியத்தான் செய்யும். ஒடம்பு காயத்தான் செய்யும். அத வச்சு எப்பிடி முடிவு பண்ண?"

நியாயமான கேள்வி. நான் போட்ட ஊசியே நான் தேடுகிற அடையாளத்தை மூடிவிட்டது. இதை மறக்காதீர்கள். அவசரத்தில் செய்கிற ஒரு காரியம் நோயாளியை மட்டும் மாற்றாது, நாம் பார்க்க வேண்டிய உண்மையையும் மாற்றிவிடும்.

ஆயாம்மா விடவில்லை. "ஊசிக்கு முந்தியே காஞ்சுதான் இருந்துச்சு டாக்டரு. ஆட்டோல இருந்து எறக்குனப்ப நான்தான கால்மாட்டப் பிடிச்சேன்."

டாக்டர் ஆயாம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த டோஸுக்கு ரெண்டு நிமிஷம்கூட இல்லை. பூச்சிமருந்தாக இருந்து நிறுத்தினால் ஆள் மூச்சுத் திணறிச் சாவார். வேறு ஏதாவதாக இருந்து போட்டால் நாங்களே அனுப்பிவைத்தவர்கள் ஆவோம்.

அப்போதுதான் சேவியர் மூன்றாவது தடவையாகத் தண்ணீர் கேட்டார். முதல் ரெண்டு தடவை கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். டியூப் லைட்டுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார். உதடு உதட்டோடு ஒட்டியது. நாக்கு ஒட்டிப் பிரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அடுப்பில் வைத்த பாத்திரம் மாதிரி சுட்டது. கேட்காமலே சட்டைக்குள் கைவிட்டு அக்குளைத் தொட்டேன். சித்திரை வெயிலில், எழுபது கிலோ ஆளைத் தோளில் சுமந்து வந்த மனிதரின் அக்குள், மாவு பூசியதுபோல் காய்ந்திருந்தது. அவருக்கு நான் எந்த ஊசியும் போடவில்லையே!

துணி வைக்கிற அறைக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"தம்பி, நான் போலீஸ் இல்ல. நீங்க சொன்ன ஒரு வார்த்தைய வச்சுத்தான் ஒங்க அத்தானுக்கு மருந்து ஏத்துறேன். அது பொய்யின்னா அவரக் கொல்றது நான். ரெண்டு பேரும் என்ன சாப்பிட்டிய?"

அவர் சுவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. போயிருந்தால் நான் தடுத்திருக்க முடியாது.

"எனக்குக் கவர்மெண்ட் வேல ஆர்டர் வந்திருக்கு சிஸ்டர். போலீஸ் விசாரண மட்டுந்தான் பாக்கி. ஏதாச்சும் கேஸுன்னா எல்லாம் போச்சு. ஆறு வருசம் படிச்சேன்."

பயப்படாதே என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? அந்த வருஷம் ஊரெல்லாம் கஞ்சா சோதனை. மில் கேட்டில், பஸ் ஸ்டாண்டில், பைக்கை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். அவர் பயம் வெறும் பயம் இல்லை. கையில் இருந்த கடிகாரத்தை மட்டும் அவர் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன்.

அவர் என்னைத் தாண்டி நடந்தார். வெளியே இல்லை. நேராக டாக்டரிடம். வேனில் வந்தவர்கள், அவர்களைத் தேடி வந்தவர்கள், அத்தனை பேரும் கேட்கும்படிச் சொன்னார்.

"அவிய மருந்து குடிக்கல டாக்டர். நான் பொய் சொன்னேன். ஒரு மூலிகப் பாக்கெட்டு, போன்ல ஆர்டர் போட்டு வாங்குனது. பொகச்சா ஒண்ணும் தெரியலன்னு டீல போட்டுக் கொதிக்க வச்சோம். அவிய ரெண்டு கிளாஸ் குடிச்சாக. கசந்துச்சுன்னு நான் பாதில வச்சிட்டேன். பாக்கெட்டு என் பையில இருக்கு."

ஒரு மனிதன் தன் ஆறு வருஷத்தை எடுத்து மேஜை மேல் வைத்ததை நான் அன்றைக்குப் பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

டாக்டர் நான் நிரப்பி வைத்திருந்த நாலு ஆம்பூல் ஊசியை எடுத்து, மருந்தை ட்ரேயில் பீய்ச்சினார். பாக்கெட்டைப் பிரித்தார். பளபளப்பான உறை. 'நூறு சதவீதம் இயற்கை, சட்டத்துக்கு உட்பட்டது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே நொறுங்கிய இலையும், மிளகாய் விதை மாதிரி தட்டையான விதைகளும் இருந்தன. அதைப் படம் எடுத்து மதுரையில் இருந்த தன் ஆசிரியருக்கு அனுப்பினார். ஆனால் பதில் வருவதற்கு முன்னாலேயே ஆயாம்மா ஒரு விதையை விரலில் ஒட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது ஊமத்தல்லா? நம்ம காம்பவுண்டுக்குப் பின்னால நிக்குதே, ஆடு கூட மோந்து பாக்காது."

மதுரையில் இருந்து வந்த பதிலும் அதுதான். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். ஊமத்தையில் இருக்கிற விஷமும், நம் குப்பியில் இருக்கிற அட்ரோபினும் ஒரே சாதிச் சரக்கு. எத்தனையோ பேரை நான் எழுப்பிய அதே பொருள்தான் இவரைச் சாய்த்திருக்கிறது. அதன் மேலே நான் இன்னும் ரெண்டு ஆம்பூல் ஊற்றியிருக்கிறேன். நாலும் எட்டும் ஊற்ற இருந்தேன். மலைப்பு என்பதற்கு எனக்கு அன்றைக்குத்தான் அர்த்தம் தெரிந்தது. வேலியோரம் யாரும் சீண்டாமல் பூத்து நிற்கிற செடி. அளவும் ஆளும் மாறினால் உயிர் கொடுக்கிறது, உயிர் எடுக்கிறது.

அப்புறம் வேலைதான். காய்ச்சல் நூற்றைந்தைத் தொட்டது. ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தோம். அடிவயிறு பானை மாதிரி வீங்கியிருந்தது. குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் மூத்திரம் வந்தது. கைலி ஏன் காய்ந்திருந்தது என்று அப்போது புரிந்தது. வெளிச்சம் குறைந்த அறைக்கு மாற்றினோம். சேவியரைப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்து அவருக்கும் சலைன் ஏற்றினோம்.

நாலு மணிக்கு மேல் அந்தோணிராஜ் எழுந்து உட்கார்ந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. கை மட்டும் வேலை செய்தது. காற்றில் எதையோ பிடிக்கும், விரலில் சுற்றும், இழுக்கும், ஒட்டும், அடுத்ததற்குப் போகும். இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். நாலு பேர் பிடித்தும் நிற்கவில்லை. தூக்க ஊசி போட்டும் அடங்கவில்லை. இதயம் நூற்றைம்பதுக்கு மேல் ஓடியது. இப்படியே போனால் இதயம் தாங்காது, கையைக் கட்டிவிடலாம் என்று டாக்டர் சொன்னார். கட்டினால் இன்னும் முண்டுவார், இன்னும் சூடு ஏறும் என்பதும் அவருக்குத் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அவர் மனைவி பாக்கியம் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தவர். கை நிறைய வளையலோடு, பூவோடு, பஸ் பிடித்து வந்திருந்தார். வாசலில் நின்று புருஷனைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டாதிய சிஸ்டர். அவிய பிரேம் ஓட்டுறாக."

"என்னம்மா?"

"மில்லுல. நூலு அறுந்தா இப்பிடித்தான் ஒட்டணும். நானும் கல்யாணத்துக்கு முந்தி அதே டிபார்ட்மெண்ட்தான். பாருங்க, எம்புட்டு வேகமா ஒட்டுறாக. ஒண்ணு கூட தப்பல."

சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. அது பைத்தியக்காரக் கை இல்லை. தேர்ந்த தொழிலாளியின் கை. இல்லாத எந்திரத்தில் இல்லாத நூல் நூறு நூறாக அறுந்துகொண்டிருந்தது. புத்தி முழுக்க எரிந்துகொண்டிருந்த நேரத்திலும் அந்தக் கை தன் வேலையை மறக்கவில்லை. தூக்கியிருந்த கட்டுத்துணியோடு டாக்டர் அப்படியே நின்று பார்த்தார். நானும் பார்த்தேன்.

பாக்கியம் கட்டிலில் ஏறி அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அவரைத் தொடவில்லை. மில் சத்தத்துக்கு மேல் கேட்கிற மாதிரி குரலை உயர்த்திச் சொன்னார்.

"ஏங்க, சங்கு ஊதிட்டாங்க. அடுத்த ஷிப்டு ஆளு வந்தாச்சு. பிரேமக் குடுத்துட்டு வாங்க."

கை ஓடியது. அவர் மறுபடி சொன்னார். மறுபடியும். ஆறேழு தடவை இருக்கும். பிறகு அந்தக் கையின் வேகம் கொஞ்சம் குறைந்தது. கடைசியாக ஒரு நூலை நிதானமாக ஒட்டி, ஒரு அடி பின்னால் சாய்ந்து, சரிதானா என்று பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை இடுப்பில் சுற்றியிருந்த ஆஸ்பத்திரித் துணியில் துடைத்தார். பாக்கியம் தோளைத் தொட்டுச் சாய்க்க, படுத்துக்கொண்டார். இதயம் நூற்றுமுப்பதுக்கு இறங்கியது. பிறகு நூற்றிருபது. அன்றைக்கு மறுபடி மறுபடி அவர் எழுந்தபோதெல்லாம் பாக்கியமே சங்கு ஊதினார்.

மறுநாள் சாயங்காலம் அவருக்கு நினைவு வந்தது.

விஷக் கேஸ் என்பதால் போலீசுக்குத் தகவல் கொடுத்திருந்தோம். ஒரு ஏட்டு வந்தார். சேவியர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இருந்ததை இருந்தபடி சொன்னார். ஏட்டு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இதுக்கு ஒம் மேல எந்தக் கேஸப் போட? ஊமத்த என்ன கஞ்சாவா? வேலியெல்லாம் மொளச்சுக் கெடக்கு. இத வித்தவனப் பிடிக்கணும், அது வேற."

சேவியர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "இதுக்காகவா அத்தானச் சாகக் குடுக்கப் பாத்தேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தடை இல்லாத ஒரு பொருளுக்காக, தடையின் பயத்தில் சொன்ன பொய் அது. அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு ஒரு தாலுகா ஆபீசில் இருக்கிறார். பாக்கெட்டில் இருந்த விலாசத்துக்குப் புகார் எழுதினோம். அப்படி ஒரு விலாசமே இல்லை என்று திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் அதே உறை வேறு பெயரில் வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அந்தோணிராஜிடம் நான் ஒருநாள் கேட்டேன், ஏன் இதைத் தொட்டீர்கள் என்று.

"ஷிப்டு மாறி மாறி வந்து தூக்கமே போச்சு சிஸ்டர். முன்ன கஞ்சா அடிச்சிட்டுத் தூங்குவேன். சோதன வந்த பொறவு அது கெடைக்கல. பயமும் வந்திருச்சு. இதுல சட்டப்படின்னு போட்டிருந்துச்சு. சட்டப்படின்னா ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சேன்."

கஞ்சாவால் புத்தி கெட்டுக் குடும்பம் சிதறியவர்களையும் நான் படுக்கையில் பார்த்திருக்கிறேன். அதனால் எதைத் தடுக்கலாம், எதை விடலாம் என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. அது பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டியது. எனக்குத் தெரிந்தது கட்டிலைச் சுற்றியுள்ள நாலடி இடம்தான். ஒன்றைத் தடுத்தால் அதைத் தேடியவர் சும்மா இருப்பதில்லை, இன்னதென்று தெரியாத ஒன்றிடம் போகிறார். கெட்டுப்போய் நம்மிடம் வரும்போது கூடவே ஒரு பொய்யையும் கொண்டுவருகிறார். அந்தப் பொய்யை அதட்டி எடுக்க முடியாது. முதலில் ஆளைத் தொடுங்கள். கூட வந்தவரையும் தொடுங்கள். "யார் கொடுத்தது, ஏன் செய்தாய்" என்பதெல்லாம் வேறு யாரோ கேட்கட்டும். "உன்னை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது நம் கையில் இல்லை. "நீ சொன்னால் இவரைக் காப்பாற்றப் பார்ப்பேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அது நம் கையில் இருக்கிறது. துணி அலசுகிறவர் ஏதாவது சொன்னால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஐந்தாம் நாள் அந்தோணிராஜ் வீட்டுக்குக் கிளம்பினார். கிட்டத்தில் இருப்பது இன்னும் மங்கலாகத்தான் தெரிந்தது. நூலைப் பார்க்க ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் மில்லுக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ரெண்டு நாள் அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. படியில் நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு மனைவியிடம் கேட்டார்.

"நான் ரொம்ப அசிங்கமா நடந்துக்கிட்டேனா?"

பாக்கியம் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"இல்ல. வேல பாத்திய. ரெண்டு ஷிப்டு, ஒரு இழை விடாம."